பெருநிம்மதி பாலிசி

ஒரு சுவருக்கு நடுவே கோடு ஒன்று ஓடுகிறது என்பதும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம் என்பதும் சொந்த வீடு வாங்கும்வரை அறிவிப்பாளருக்குத் தெரியாது.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாமதத்தின் முடிவிலும் "வருந்துகிறோம்" என்பார். தண்டவாளம் பழுதானதோ, சிக்னல் விழாததோ அவர் செய்த தவறல்ல. ஆனாலும் மனதாரத்தான் வருந்துவார். சுபாவமே அப்படி. கடைத்தெருவில் தன் காலை மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்ட கதையை அவர் மனைவி எல்லா உறவினர் வீடுகளிலும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். எதையும் இரண்டாம் முறை பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

அவர்கள் வாங்கியது தொடர்வீடு. ஒரே சுவரை இரண்டிரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு சரிவான தெருவில் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு வீடும் முந்தைய வீட்டைவிட ஒரு படி தாழ்வு. சாவி கொடுக்கும்போதே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், "வெளிச்சுவருக்குச் சங்கம் இன்சூரன்ஸ் எடுத்திருக்கு. உள்ளுக்கு நீங்க எடுத்துக்கணும். எடுக்காம குடி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மனைவியின் சித்தி மகன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கூப்பிடுவதற்குள் வந்துவிட்டான்.

"அக்கா, க்ரீம் பிஸ்கட் இருந்தா ஒண்ணு எடு" என்றான். தின்பதற்கென்று நினைத்து அவள் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அவன் ஒன்றை எடுத்து மேசையில் நிற்கவைத்தான்.

"அத்தான், இந்தப் பக்க பிஸ்கட் உங்க வீடு. அந்தப் பக்கம் பக்கத்து வீடு. நடுவுல இருக்கிற க்ரீம்தான் பொதுச்சுவர். இந்த க்ரீம்ல பாதி உங்களுது."

"எந்தப் பாதி?"

"உங்க பக்கத்துப் பாதி."

"பிரிச்சுக் காட்டு, பார்க்கலாம்" என்றாள் மனைவி.

அவன் பிஸ்கட்டைத் திருகிப் பிரித்தான். க்ரீம் முழுவதும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. "பார்த்தீங்களா? இந்தப் பிரச்சினைக்குத்தான் இன்சூரன்ஸ்" என்று சொல்லி இரண்டு வீடுகளையும் சுவரோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

மூன்று திட்டங்கள் இருந்தன. நிம்மதி, பெருநிம்மதி, நிம்மதி பிளாட்டினம். சங்கத்தின் பாலிசி செங்கல்லோடு நின்றுவிடும்; பெயிண்டிலிருந்து உள்ளே வருவதெல்லாம் நிம்மதியில் அடங்கும்.

"சமையலறை அலமாரி?" என்று கேட்டாள் மனைவி.

"ஆணி அடிச்சு மாட்டியிருந்தா அது சுவர். சாய்ச்சு வச்சிருந்தா பொருள்."

"ஆணி?"

"ஆணி இன்னும் கேஸ்ல இருக்கு அக்கா."

அறிவிப்பாளருக்குத் தலை சுற்றியது. மனைவி விடவில்லை. "இதெல்லாம் நம்ம பொருளுக்கு. நம்ம தப்பால பக்கத்து வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஏஜென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா கேட்டா பாருங்க அத்தான், அது கேள்வி! அதுக்குத்தான் பெருநிம்மதி. மனுஷன்னா தப்பு பண்ணுவான். அந்தத் தப்பை எங்க கம்பெனி வாங்கிக்கும். நீங்க கால் மேல கால் போட்டு உட்காரலாம்."

பிறர் தவறுகளுக்கு வருந்தியே பாதி வயதைக் கழித்தவர் அறிவிப்பாளர். தன் தவறுக்கு வருந்த ஒரு நிறுவனமே இருக்கிறது என்று கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருநிம்மதியில் கையெழுத்துப் போட்டார்.

பொதுச்சுவரின் அந்தப் பக்கம், ஒரு படி கீழே, கம்பவுண்டரும் அவர் மகளும் இருந்தார்கள். கம்பவுண்டர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருடத்தில் ஒரு புட்டியில்கூட மாற்று மருந்து ஊற்றியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. மகள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கணவன் இல்லை, பிரிந்து வெகுகாலம் ஆகிறது. காலை வண்டியைப் பிடிக்க ஓடுகிறவள், வாசலில் நின்று பேச நேரமில்லாதவள். கம்பவுண்டர்தான் வேலியோரம் நின்று, "தம்பி, இன்னிக்கு அஞ்சாம் நடைமேடைன்னு சொல்றப்போ கொஞ்சம் தொண்டை கட்டியிருந்துச்சே, வெந்நீர் குடிங்க" என்று விசாரிப்பார். வீட்டிலிருந்தே ஒலிபெருக்கி கேட்கும் தூரம்தான் நிலையம்.

ஒருநாள் காலையில் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மனைவி முன்பே வேலைக்குப் போயிருந்தாள். அறிவிப்பாளர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், காற்றுதான் சீறியது. இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்தார். பிறகு நேரமாகிவிட்டதென்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். குழாய் திறந்தபடியே இருந்தது. பாத்திரம் துடைக்கும் துணி தொட்டியின் துளைமேல் விழுந்து கிடந்தது. அன்று அவர் எத்தனையோ வண்டிகளுக்கு வருந்திக்கொண்டிருந்தபோது தெருவுக்குத் தண்ணீர் வந்தது.

மாலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் ஈரம். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுத் தரை ஓடு பதித்தது. பெரிதாகச் சேதம் இல்லை. தண்ணீர் தங்கியிருக்கவே இல்லை. குழாய்கள் போவதற்காகப் பொதுச்சுவரின் அடியில் விட்டிருந்த ஓட்டை வழியாக அது சரிவைப் பார்த்து ஓடியிருந்தது.

குழாயை மூடிவிட்டு, துடைப்பத்தை எடுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது.

"எத்தனை தடவை சொல்றது அப்பா! திறந்தா மூடணும்னு தெரியாதா? தரையெல்லாம் போச்சு, அலமாரி போச்சு!"

"நான் திறக்கலியேம்மா..."

"பின்ன யாரு திறந்தா? தண்ணிக்குள்ள நிக்கிறீங்க, குழாயப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

கம்பவுண்டர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து காலை வைத்தபோது தண்ணீரில் வைத்திருக்கிறார். குழாய் திறந்திருக்கிறதோ என்று பார்க்கப் போயிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் மகள் உள்ளே வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அறிவிப்பாளர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். செருப்பில் காலை நுழைக்கும்போது போன் அடித்தது. குழாயை மூடியதுமே மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் ஏஜென்ட் தம்பிக்குச் சொல்லியிருந்தாள்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"வாசல்ல. அவங்க வீட்டுக்குப் போறேன். என் தப்புன்னு சொல்லணும்."

"ஐயோ! வாயத் திறக்காதீங்க! உள்ள போங்க. கதவைச் சாத்துங்க. தப்புன்னு நீங்க ஒத்துக்கிட்டா பாலிசி செத்துடும். விதியில இருக்கு."

"நீதானே சொன்னே, தப்பைக் கம்பெனி வாங்கிக்கும்னு?"

"வாங்கிக்கும் அத்தான். ஆனா நீங்க கொடுக்கக்கூடாது."

அவர் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர், "நானா திறந்திருப்பேன்?" என்று சன்னமாகச் சொல்வது கேட்டது. பிறகு, "திறந்திருப்பேன் போல" என்பதும் கேட்டது. அறிவிப்பாளர் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். இழப்பீட்டுப் பிரிவின் அதிகாரி மரியாதையான மனிதர். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய படத்தில், மழையில் ஒரு குடும்பம் குடைக்கடியில் சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்க நிலைப்பாடு ரொம்ப எளிமையானது சார். நீங்கதான் பொறுப்புன்னு நிரூபணமானா, பக்கத்து வீட்டுக்கு முழு இழப்பீடும் நாங்க தருவோம்."

"நான்தான் பொறுப்பு சார்."

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். உண்மையாகவே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து ஒரு கையை மட்டும் எடுத்தார். "அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பொறுப்புன்னு நீங்களே சொன்னா தரமாட்டோம். வேற யாராவது நிரூபிக்கணும்."

"வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுல்ல? அதுதான் உங்களுக்குப் பெருநிம்மதி." அதிகாரி புன்னகைத்தார். "சார், உங்களை மாதிரி நல்லவங்களாலதான் இந்தத் தொழில் நஷ்டப்படுது. கெட்டவன் எதையும் ஒத்துக்க மாட்டான். அவனை நம்பி நாங்க பாலிசி கொடுக்கலாம். நல்லவன் எப்ப வாயைத் திறப்பான்னு தெரியாது. எங்க கணக்குல நல்லவன்தான் அபாயம்."

"அந்தப் பெரியவர் மேல பழி விழுது சார்."

"பழிக்கு நாங்க கவர் தர்றதில்ல. தண்ணிக்கு மட்டும்தான்."

பக்கத்து வீட்டாரைச் சந்திக்க நேர்ந்தால் என்ன பேசுவது என்பதற்கும் நிறுவனத்தில் பயிற்சி இருந்தது. ஓர் இளம்பெண் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தி, தலையை எந்த அளவுக்கு அசைக்கலாம் என்று காட்டினாள். குனிந்தால் ஒப்புதல். கையைப் பிசைந்தால் ஒப்புதல். "அடடா" என்பது எல்லைக்கோட்டில் இருக்கிறது, தவிர்ப்பது நல்லது. அனுமதிக்கப்பட்ட வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: நிகழ்வு எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அதை அவர் சொல்லிக் காட்டியபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"குரல்ல வருத்தம் தெரியுது சார்."

"என் குரலே அதுதாம்மா."

பிறகு சுவர் பார்க்கும் நாள் வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள்: இவருடைய நிறுவனத்துக்காரர், கம்பவுண்டர் மகளின் நிறுவனத்துக்காரர், சங்கத்தின் நிறுவனத்துக்காரர். மூவரும் ஒரே காரில் வந்தார்கள். ஒருவருக்கொருவர் டிபன் பகிர்ந்துகொண்டார்கள். கம்பவுண்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரிகளானார்கள். அங்கே மரத்தளம் பலகை பலகையாகப் புடைத்துக்கொண்டு, நடப்பவர் காலைத் தட்டியது. அலமாரியின் அடிப்பாகம் ஊறி உப்பி, கதவு மூட மறுத்தது. ஈர நெடி.

சங்கத்துக்காரர் சுவரை அளந்து பென்சிலால் நடுக்கோடு வரைய முயன்றார். நடுக்கோடு சுவருக்குள்ளே இருப்பதால் அதை எங்கே வரைவது என்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "தண்ணி செங்கல்லைத் தொடாம ஓட்டை வழியா வந்திருந்தா எங்களுக்குச் சம்பந்தமில்ல. ஓட்டைங்கறது சுவர் இல்லாத இடம்."

"ஓட்டை சுவருக்குள்ளதானே இருக்கு?" என்றார் மகளின் நிறுவனத்துக்காரர்.

"சுவர் இல்லேன்னா ஓட்டை எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா? தத்துவம் பேசாதீங்க."

"முதல்ல, தண்ணி மேல இருந்து கீழ வந்துச்சா, கீழ இருந்து மேல போச்சான்னு முடிவாகட்டும்" என்றார் அறிவிப்பாளரின் நிறுவனத்துக்காரர். படிகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்பது சன்னல் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. மூவரும் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கம்பவுண்டர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இப்போதெல்லாம் முகம் மழித்துக்கொள்வதில்லை. மகளின் நிறுவனத்துக்காரர் அவர் முன்னால் குனிந்து, செவிடரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, "தாத்தா! குழாயை நீங்கதான் திறந்தீங்களா?" என்றார்.

"திறந்த ஞாபகம் இல்ல."

"மூடின ஞாபகம் இருக்கா?"

கம்பவுண்டர் யோசித்தார். திறக்காத குழாயை மூடிய ஞாபகம் எப்படி இருக்கும்? "இல்லீங்க" என்றார். "அப்ப நான்தான் திறந்திருப்பேன்."

மூன்று மதிப்பீட்டாளர்களின் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் பரவியது. முதுமை மறதியால் வரும் சேதம் மூன்று பாலிசிகளிலும் விலக்கு. யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. மகளின் நிறுவனத்துக்காரர் அவள் பக்கம் திரும்பி, அனுதாபமாக, "வயசானவங்களைத் தனியா விட்டுட்டுப் போறது பாலிசிப்படி கவனக்குறைவும்மா" என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாசற்படியில் நின்ற அறிவிப்பாளர், "அவர் இல்ல, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் நிறுவனத்துக்காரர் உரக்க இருமினார். இருமல் நிற்கவில்லை. மகள் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். சமையலறைக் குழாயில் திறந்து மூடும் திருகு இல்லை. அப்பா திறந்துவிடக்கூடாதென்று அதைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்திருந்தாள். பையைத் திறந்து திருகை எடுத்து, குழாயில் மாட்டி, தண்ணீர் பிடித்து, மறுபடியும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். கம்பவுண்டர் அதைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளரும் தரையைப் பார்த்தார். புடைத்த பலகை ஒவ்வொன்றும் அவர் பெயரைச் சொல்வதுபோல இருந்தது. இருமியவர் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னார்.

அந்த வாரமே அதிகாரி நிலையத்துக்குப் போன் செய்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். பக்கத்து வீட்டம்மா தினமும் காலை வண்டியிலதான் போறாங்களாமே? உங்க குரல்ல 'வருந்துகிறோம்'னு தினமும் கேக்கறாங்க. நாளைக்குக் கோர்ட்டுல, 'அவர் என்கிட்ட வருத்தம் தெரிவிச்சார்'னு சொன்னா?"

"அது ரயிலுக்குச் சொல்றது சார்!"

"'வருந்துகிறோம்'ல ரயில்ங்கற வார்த்தை எங்க இருக்கு?"

மறுநாள் காலை வண்டி தாமதமானது. அவர் ஒலிவாங்கியை அழுத்தி, எந்த வண்டி, எவ்வளவு தாமதம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நடைமேடையில் எல்லோரும் மிச்சத்துக்காக ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார்கள். வாக்கியம் அந்தரத்தில் தொங்கியது. வேறு வழியில்லாமல், "இந்நிகழ்வு எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது" என்று முடித்தார். ஒரு பயணி வந்து கண்ணாடியைத் தட்டி, "கவனத்துக்கு வந்துடுச்சா? சந்தோஷம்!" என்று கத்திவிட்டுப் போனார்.

நிலைய மேலாளர் விசாரணைக்குக் கூப்பிடுவார் என்று அறிவிப்பாளர் பயந்தார். கூப்பிட்டார், பாராட்டுவதற்காக. ரயில்வேயின் சட்டப்பிரிவுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டதாம். இனி எல்லா நிலையங்களிலும் அதையே சொல்லும்படி சுற்றறிக்கை வரப்போகிறதாம். "இத்தனை வருஷமா தேவையில்லாம வருந்திட்டோம்யா" என்று மேலாளர் அவர் தோளைத் தட்டினார்.

அன்று மாலை வேலியோரம் கம்பவுண்டர் நின்றிருந்தார். அறிவிப்பாளர் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போவார், அன்று மறந்துவிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு எங்க வீட்டுல குழாய் கொட்டற சத்தம் ஏதாவது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நான் டியூட்டியில இருந்தேன் ஐயா."

"ஆமா, ஆமா. டியூட்டியில இருந்திருப்பீங்க." அவர் வேலிக் கம்பியைத் தடவினார். "எவ்வளவு யோசிச்சாலும் திறந்தது ஞாபகம் வரல. தரை போனதுகூட இல்ல தம்பி. ஞாபகம் வரமாட்டேங்குது பாருங்க, அதுதான் பயமா இருக்கு. அந்தக் காலத்துல எத்தனை பேருக்கு மருந்து கலந்து கொடுத்திருக்கேன். அப்பவும் இப்படி ஏதாவது மறந்து, யாருக்காவது மாத்திக் கொடுத்திருப்பேனோன்னு இப்ப தோணுது. யாரு செத்தாங்களோ, யாருக்குத் தெரியும்?"

நான்தான் என்ற சொல் அறிவிப்பாளரின் வாய்வரை வந்துவிட்டது. கம்பவுண்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிகழ்வு எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது, ஐயா" என்றார் அறிவிப்பாளர்.

பெரியவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினார். "நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அறிவிப்பாளர் வீட்டுக்குள் வந்து, விளக்கைப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்தார். மனைவி வந்து பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு அக்கா ஒரு விடுதி பார்த்திருக்காங்களாம்" என்றாள். "வயசானவங்களைப் பார்த்துக்கற இடம். இனிமே அவரைத் தனியா விட முடியாதுன்னு என்கிட்ட சொல்லி அழுதாங்க. நான் லேப்ல ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தர் பேர்ல எழுதினா என்னை என்ன செய்வாங்க?"

"வேலைய விட்டுத் தூக்குவாங்க."

"நாம இப்ப அதைத்தானே செய்யறோம்?"

உண்மையில், பாலிசி போய்விடுமே என்ற பயம் இப்போது அறிவிப்பாளரிடம் குறைந்துவிட்டிருந்தது. அதன் இடத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருந்தது. அன்றே சொல்லியிருந்தால் அது வெறும் தண்ணீர். இப்போது சொன்னால், இத்தனை நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆக அது கனத்துக்கொண்டே போனது.

முறைப்படி செய்யலாம் என்று மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"மன்னிப்புக் கேக்கணும்னு அரிக்குது, இல்ல? எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் சார். பழகிடும். என்னைப் பாருங்க. இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேர்ந்து நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போனப்பகூட, 'உன் தரப்பு பரிசீலிக்கப்படும்'னுதான் சொன்னேன். இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. வீடு அமைதியா இருக்கு."

"எனக்கு வழி ஏதாவது சொல்லுங்க சார்."

"பிளாட்டினத்துக்கு மாறிடுங்க. அதுல வருஷத்துக்கு ஒரு மன்னிப்பு கவர் ஆகும். எங்க வக்கீல் எழுதிக் கொடுப்பார், நீங்க வாசிக்கலாம். நீங்கதான் அறிவிப்பாளராச்சே, பிரமாதமா இருக்கும்." அதிகாரி சற்று யோசித்தார். "ஆனா ஏற்கெனவே செஞ்ச தப்புக்குப் பொருந்தாது. இனிமே புதுசா ஏதாவது செஞ்சீங்கன்னா சொல்லுங்க."

கம்பவுண்டரை அழைத்துப்போக வாடகைக் கார் வந்து நின்ற காலையில் அறிவிப்பாளருக்கு விடுமுறை. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு பெட்டியையும், சுருட்டிய போர்வையையும் டிக்கியில் வைத்தாள். கம்பவுண்டர் சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர்போலத் தலைவாரி நின்றிருந்தார். காருக்குள் ஏறுவதற்குமுன் திரும்பி, வீட்டுக்குள் பார்த்து, மகளிடம் "அம்மா, குழாய் மூடியிருக்கா?" என்று கேட்டார்.

அறிவிப்பாளர் வெளியே ஓடினார். செருப்புப் போடவில்லை.

"ஏறாதீங்க ஐயா! குழாயை நீங்க திறக்கல. நான் திறந்தேன். எங்க வீட்டுக் குழாய். மூடாம டியூட்டிக்குப் போயிட்டேன். தண்ணி எங்க வீட்டுலேர்ந்துதான் வந்துச்சு. நான்தான்."

ஒலிபெருக்கியில் வரும் குரல்தான்; ஆனால் உடைந்து போயிருந்தது. தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

மகள் டிக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"நான் அப்பாவைத் திட்டினப்போ?"

"கேட்டுச்சு."

"மூணு பேர் வந்து அவரை உட்காரவச்சுக் கேள்வி கேட்டப்போ, நீங்க வாசல்லதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"ஏன் சொல்லல?"

பாலிசி என்று சொல்ல வாயெடுத்தார். அந்த இடத்தில், அந்தப் பெரியவர் முன்னால், அந்த வார்த்தை வெளியே வர வெட்கப்பட்டது. "பயந்துட்டேன்" என்றார். "என்னை மன்னிச்சிடுங்க."

"எங்க கம்பெனிக்காரங்க யாரையும் மன்னிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அவள். "மன்னிச்சா கேஸ் பலவீனமாயிடுமாம். எனக்கு அது ரொம்ப வசதி." பிறகு திட்ட ஆரம்பித்தாள். தெருவே கேட்கும்படி, நிதானமாக, ஒன்றையும் விடாமல் திட்டினாள். மனுஷனா நீங்க என்றாள். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற வாய்க்கு நாலு அடி நடந்து வரத் தெரியவில்லையா என்றாள். அறிவிப்பாளர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். இத்தனை நாளில் அவருக்கு நியாயமாக வந்து சேர்ந்த முதல் பொருள் அதுதான்.

கம்பவுண்டர் அவளை இடைமறித்தார். "தம்பி, எந்தக் குழாய்? சமையலறையா?"

"ஆமா ஐயா."

"தொட்டி அடைச்சிருந்துச்சா?"

"துணி விழுந்திருந்துச்சு."

"அப்ப தண்ணி வழிஞ்சு, ஓட்டை வழியா வந்திருக்கு." மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல விரல்விட்டு வரிசைப்படுத்திக்கொண்டார். "அப்ப நான் திறக்கல."

"இல்ல ஐயா."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். டிக்கியிலிருந்து போர்வையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ திட்டினதுல ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். "நானே நம்பிட்டேனே."

டிரைவர் ஹாரன் அடித்தார். காரைத் திருப்பி அனுப்பினார்கள்.

நிறுவனத்திலிருந்து மறுநாளே போன் வந்தது. தெருவில் யாரோ சங்கத்துக்குச் சொல்லி, சங்கம் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. அதிகாரியின் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "நீங்க சொன்னது உண்மைங்கறதுல எங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்ல சார். அதனாலதான் நிராகரிக்கிறோம்." ஏஜென்ட் மட்டும் வீட்டுக்கு வந்தான். பிஸ்கட் கேட்கவில்லை. "அத்தான், இனிமே உங்களுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது. உங்க பேருக்கு எதிர்ல 'ஒப்புக்கொள்பவர்'னு போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவைப் பார்க்காமல் போய்விட்டான்.

அறிவிப்பாளரும் மனைவியும் கடன் வாங்கிப் பக்கத்து வீட்டுத் தரையை மாற்றிக்கொடுத்தார்கள். ஈரப்பலகைகளை அவரே பெயர்த்து எடுத்துத் தெருமுனைவரை சுமந்தார். மகள் அவரோடு பேசுவதில்லை. ஆனால் வேலை நடந்த நாட்களில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். குழாய்த் திருகை மறுபடியும் மாட்டிவிட்டாள். அலமாரிக் கதவு இப்போது சரியாக மூடுகிறது. விடுதிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சங்கத்துச் செயலாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

அறிவிப்பாளரும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டார். ஆனால் காலையில் அவர் சமையலறையில் நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குழாய்த் திருகு கிறீச்சிடும். மூடுகிற சத்தம். காலடி நகரும். பாதி வழியில் நிற்கும். திரும்பி வரும். மறுபடியும் கிறீச். போய், வந்து, மறுபடியும்.

ஒருநாள் தாங்க முடியாமல் சுவரோடு வாயை வைத்து, "மூடியிருக்கு ஐயா, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று உரக்கச் சொன்னார்.

"அப்படியா தம்பி? சரி, சரி" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அறிவிப்பாளர் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். காலடிகள் வாசல்வரை போயின. நின்றன. பிறகு மெதுவாக, அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல, திரும்பி வந்தன.